தம்பிக்கு நான் எழுதிய பெயர்

வைலே, 9 ஜூன் 2009

அன்புள்ள அப்பா,

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், காணாமல் போனவர்களைத் தேடும் சங்கத்துக்குத் தம்பிக்கான படிவத்தை மறுபடி எழுதினேன். பயப்படாதீர்கள், முதல் படிவத்தில் ஒரு பிழை. முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருக்கும் கிர்ஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை என் பெயரட்டையில் நவோமி பார்க்கர் என்று வாசித்துவிட்டு, பார்க்கர் என்றால் இங்கிலாந்தில் பிரபுக்களின் மான்காட்டைக் காத்தவன் என்றார்.

"உன்ர பூட்டன் எந்தப் பிரபுவின்ர மானைக் காத்தவர்?"

"மான் இல்லை. வட்டுக்கோட்டை மிஷன் பள்ளியில அவரைப் படிப்பிக்கக் காசு அனுப்பின அமெரிக்கக்காரற்ற பெயர். அப்ப அப்பிடித்தான் வைப்பினம்."

"அப்ப குடும்பம் முழுக்கப் பார்க்கரோ?"

"ஓம்" என்றபிறகுதான் நினைவு வந்தது. தம்பி அந்தப் பெயரை விட்டு, உங்கள் பெயரோடு சாமுவேல் அருள்தாசன் என்றல்லவா அடையாள அட்டை எடுத்தான்? குடும்பத்துக்கெல்லாம் ஒரே பெயர் என்ற இந்த நாட்டு வழக்கத்தில் அவனையும் பார்க்கர் என்றே எழுதியிருந்தேன். யுத்தம் முடிந்த இந்த மூன்று வாரமும் சங்கத்தார் முகாம்களில், இல்லாத பெயருடைய ஒருவனைத் தேடியிருக்கிறார்கள்.

அட்டையின் பிரதி இருந்தால் அனுப்புங்கள். கூடவே உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி, என்ன எழுதினாலும் சரி.

பஸ் வரப்போகிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை அப்பா. ஜூலையில் நானே வவுனியாவுக்கு வந்து, முகாம் முகாமாக அவன் பெயரைச் சொல்லிக் கேட்கப்போகிறேன். உங்கள் மருமகனுக்கும் இன்னும் சொல்லவில்லை.

மகள் நவோமி