ஏழு, உள்ளேன்

அன்புள்ள என் வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அங்கே நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. மூன்று வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் இருவரும் நலம் என்றுதான் எழுதினேன், அதில் பாதி பொய், எந்தப் பாதி என்று உனக்கே தெரியும். இந்தத் தடவை பொய் இல்லை. முழுசாக நலம் என்று சொல்ல முடியாது, முக்கால் என்று வைத்துக்கொள், அந்த முக்காலுக்கே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போனில் சொன்னால் நடுவில் நாற்பது கேள்வி கேட்பாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால்தான் ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் தலையணை உறைகளை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். மேற்பார்வைக்காரி எட்டிப் பார்த்து என்ன எழுதறே என்றாள், மகளைத் திட்டி எழுதறேன் என்றேன், நல்லா அழுத்தி எழுது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும். உங்கப்பா பட்டாளத்திலிருந்து வந்த அன்று தெருவே கூடிக் கை தட்டியது, ரொட்டிக்கடைக்காரர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அந்தக் கைத்தட்டல் ஒரு வாரம் ஓடியது. அப்புறம் மனுஷன் வாசல் கேட்டைத் தாண்டவில்லை. அங்கே அவர் ஓட்டிய லாரிக்கு முன்னால் போன லாரி வெடித்துச் சிதறியது, அதிலிருந்த நாலு பேரும் போய்விட்டார்கள், இவ்வளவுதான் நமக்குத் தெரியும், இதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. சுவரில் முதுகு படாமல் உட்கார மாட்டார், விடியும்வரை தூங்க மாட்டார், யார் வந்தாலும் பின்னறைக்குப் போய்விடுவார். தெருவில் என்ன சொன்னார்கள் தெரியுமா, பென்ஷன் வருதில்ல, திமிரு, நம்மளோட பேசினா மரியாதை குறைஞ்சிடும்னு நினைக்கிறார் என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டே, ஆமாம் அவர் ராஜா, நான் ராணி, துணி துவைக்கிற ராணி என்று சொல்லிவிட்டு வருவேன். நீ கிளம்பின அன்றுகூட கேட்டுவரை வந்து வழியனுப்பவில்லை. கோபம் என்று நீ நினைத்துக்கொண்டாய். கோபம் இல்லையடி, அந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம் அவரால் கால் வைக்க முடியவில்லை. இதை அப்போதே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அப்போது சரியாகத் தெரியாது.

நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு அம்மா வீட்டுக்கு வந்தாள். டயர் கடைக்கு மேல்மாடியில் பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்காக ஒரு நல மையம் திறந்திருக்கிறார்கள், அங்கே வேலை செய்கிறவள். குட்டையாக இருப்பாள், குரல் மட்டும் லாரி ஹாரன். வியாழக்கிழமை தோறும் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் வருவாராம், ஆனால் உங்கப்பாவே நேரில் வர வேண்டும், மனைவி வந்து அழுதால் மருந்து தர மாட்டார்களாம். அப்படியானால் ஆளைத் தூக்கிக்கொண்டுதான் போகணும், எனக்கு இடுப்பு வலி என்றேன். அவள் சிரிக்கவில்லை. பின்னறைக் கதவுக்கு வெளியே நின்று, நீங்க வர வேணாம், யாரோடயும் பேச வேணாம், காலையில ஒரு நம்பர் சொன்னாப் போதும், செய்வீங்களா என்று கேட்டாள். கட்டில் கிறீச்சிட்டது, கதவுக்குப் பின்னாலிருந்து என்ன நம்பர் என்று ஒரு குரல் வந்தது.

இது அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு ஒன்றாம் நம்பர் இரண்டாம் நம்பரைக் கூப்பிட்டு, ஒன்று, உள்ளேன் என்பார். இரண்டாம் நம்பர் மூன்றைக் கூப்பிடுவார், மூன்று நாலை, இப்படியே போய்ப் பன்னிரண்டு திரும்ப ஒன்றைக் கூப்பிட்டால் அன்றைக்கு எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரிதான், வாத்தியார் மட்டும் இல்லை. யாராவது எடுக்கவில்லை என்றால் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதற்கும் எடுக்காவிட்டால் எல்லாரும் அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும், ஏன் என்று யோசிக்கக் கூடாது. ஒரு தடவை யோசித்து, தூங்குவாரு என்று விட்டுவிட்டார்களாம், அந்த ஆள் இப்போது இல்லை. அதிலிருந்து யோசிப்பதை நிறுத்திவிட்டார்கள். உங்கப்பாவுக்கு ஏழாம் நம்பர். எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது, இருபத்தைந்து வருஷம் கூடக் குடித்தனம் நடத்துகிறவளிடம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைகூடப் பேசாதவர், முகம் தெரியாத எட்டாம் நம்பரிடம் விறைப்பாக நின்று ஏழு, உள்ளேன் என்கிறார். நான் ஒருநாள் அடுப்படியிலிருந்து, பதிமூணு, உள்ளேன், காப்பி ரெடி என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே. பட்டாளத்துப் பழக்கம், மறுநாள் வேண்டியதை முதல் நாளே எடுத்து வைத்துவிடுவார். சட்டைப் பையில் போனை வைத்து, சட்டையைக் கதவு ஆணியில் மாட்டிவிட்டுத்தான் படுப்பார். எனக்கு என்ன பழக்கம் என்று உனக்குத் தெரியும், ஒருநாள் போட்ட சட்டை ஆணியில் தொங்கினால் கை சும்மா இருக்காது. போன செவ்வாய்க்கிழமை அஞ்சரை மணிக்கு அந்தச் சட்டையை எடுத்து மற்றத் துணிகளோடு துவைக்கிற மெஷினில் போட்டு பட்டனை அமுக்கிவிட்டேன். உள்ளே கடகட என்று ஒரு சத்தம். பெல்ட் பக்கிள் போலிருக்கு என்று நினைத்துப் பல் தேய்க்கப் போய்விட்டேன்.

ஆறு மணிக்கு அவர் ஆணியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மெஷினைப் பார்க்கிறார். கதவைத் திறந்து எடுத்தால் போன் குளித்து முழுகி நுரையோடு வருகிறது. அவர் திட்டியிருந்தால் தேவலை. போனை உதறிக்கொண்டே, என் இடம் காலியாயிடுச்சு, என் இடம் காலியாயிடுச்சு என்று அதையே சொல்கிறார். என் போனை நீட்டினேன், எட்டாம் நம்பரின் நம்பர் முங்கிப்போன போனுக்குள் அல்லவா இருக்கிறது. மையத்து அம்மாவின் நம்பர் என்னிடம் இருந்தது, கூப்பிட்டேன், விஷயத்தைச் சொன்னேன். கிளம்பிட்டாங்கம்மா, கிளம்பினா திரும்ப மாட்டாங்க, தண்ணிய அடுப்புல வைங்க என்றாள்.

வாயாடி, நீ பார்த்திருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெருமுனையில் ஆட்டோ, சைக்கிள், ஓட்டம். ஒருவர் லுங்கியோடு, ஒருவர் மாடிப்படி ஏற முடியாத வயதில் நம் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வருகிறார். ஒருவர் முகத்தில் ஒரு பக்கம் மழித்திருக்கிறது, இன்னொரு பக்கம் சோப்பு நுரை காய்ந்துபோயிருக்கிறது. அவர்தான் ஆறாம் நம்பர், அன்றிலிருந்து நான் அவருக்கு அரைத்தாடி என்று பேர் வைத்துவிட்டேன். கடைசியாக ஊன்றுகோலோடு ஒருவர், அவருக்கு ஒரு கால் முழங்காலோடு நின்றுவிட்டது, கூட்டாளிகள் அவரை ஒன்றரை என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் என்ன என்று கேட்கிறார். அவசரத்தில் ஒற்றை ஊன்றுகோலோடு வந்துவிட்டார், இன்னொன்றை ஆட்டோவில் விட்டுவிட்டாராம். இத்தனை பேர் நம் வீட்டுக்குள் ஓடுவதைப் பார்த்த ரொட்டிக்கடைக்காரர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு துக்கம் கேட்க வந்துவிட்டார். அரைத்தாடி அவரிடம், போனது செல்போன்தான் அண்ணே, குளிக்கப் போன இடத்துல போயிடுச்சு என்றார்.

உங்கப்பா பின்னறைக்குப் போகவில்லை. கூடத்து நடுவில், சுவரை விட்டுத் தள்ளி, ஈரப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பதினோரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்க்கிறார். நீங்க வருவீங்கன்னு நினைக்கல என்றார். ஒன்றரை, மூச்சு வாங்கிக்கொண்டே, நீ சொல்லலைன்னா நாங்க வருவோம், அவ்வளவுதான், இதுல நினைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல என்றார். அப்புறம்தான் நடந்தது. போனை எடுத்துவிட்டு நான் மறுபடி ஓடவிட்டிருந்த மெஷின் வேலை முடிந்து பீப் பீப் என்று கத்தியது. அரைத்தாடி சட்டென்று நிமிர்ந்து, ஏழு, உள்ளேன்னு சொல்லுது என்றார். உங்கப்பா சிரித்தார். சத்தமாக இல்லை, தோள் மட்டும் குலுங்கியது, பாதியில் அது அழுகையாகவும் போனது, யாரும் முதுகைத் தட்டவில்லை, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தார்கள். டம்ளர் போதாமல் நான் சோம்பு டப்பா மூடியில்கூட ஊற்றிக் கொடுத்தேன். அதில் குடித்தவர் வாசனையா இருக்கும்மா என்றார்.

கிளம்பும்போது ஒன்றரைக்கு ஒற்றை ஊன்றுகோலோடு படி இறங்க முடியவில்லை. உங்கப்பா ஒன்றும் சொல்லாமல் அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். படி இறங்கினார்கள். நான் மாடியிலிருந்து பார்க்கிறேன். கேட் வந்தது. ஒன்றரை ஏதோ பேசிக்கொண்டே போகிறார், இவர் கீழே குனிந்து அந்தக் கால் எங்கே படுகிறது என்று பார்த்துக்கொண்டே போகிறார், கேட் பின்னால் போய்விட்டது, இவருக்கு அது தெரியவே இல்லை. ரொட்டிக்கடை தாண்டியாயிற்று, பேருந்து நிறுத்தம்வரை போயாயிற்று. அப்போதுதான் பார்த்தேன், மனுஷன் காலில் செருப்பே இல்லை. மூன்று வருஷமாக வெளியே போகாதவருக்குச் செருப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே ஞாபகம் இல்லை, கட்டிலுக்கு அடியில் தேடி எடுத்துத் தூசியைத் தட்டிக்கொண்டு ஓடினேன். இருபத்தைந்து வருஷத்தில் அவர் பின்னால் நான் ஓடினது அதுதான் முதல் தடவை, கல்யாணத்துக்கு முன்னால் அவர்தான் ஓடினார், அதை அவரிடம் கேட்டால் இல்லை என்பார்.

அந்த வியாழக்கிழமையே டயர் கடை மாடிக்குப் போனார். அரைத்தாடி வந்து கூட்டிப்போனார், நானும் பின்னாலேயே போனேன். போகிற வழியில் டயர் கடைக்காரன் ஷட்டரைத் தூக்கினான், அந்தச் சத்தத்துக்கு உங்கப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார், முகமெல்லாம் வேர்வை. நான் பதறிக்கொண்டு போகப் பார்த்தேன். அரைத்தாடி கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டார். பத்து நிமிஷம் கட்டினார். அவர் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. அப்புறம் இரண்டு பேரும் எழுந்து மேலே போனார்கள். உள்ளே டாக்டரிடம் என்ன பேசினாரோ தெரியாது, ஒரு மணி நேரம் கழித்து வந்து தண்ணீர் கேட்டார், அடுத்த வியாழனும் வரச் சொல்லியிருக்கார் என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நேற்றுத்தான் விடிகிறவரை தூங்கினார், குறட்டை வேறு, அந்தச் சத்தத்தில் நான் தூங்கவில்லை, சந்தோஷமாக விழித்துக்கிடந்தேன். இது ஒரே நாளில் தீருகிறது இல்லையாம், வருஷக்கணக்கில் ஆகலாமாம், சில நாள் பின்னாலும் போகுமாம், டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். போகட்டும், போனால் பதினோரு பேர் இருக்கிறார்கள். ரொட்டிக்கடைக்காரரும் இப்போது ஷட்டரை மெதுவாக இறக்குகிறார், நான் சொல்லவே இல்லை, அவராகத்தான்.

இனி உனக்கு உள்ள வேலை. புதுப் போன் வாங்கியாயிற்று, சட்டைப் பையில் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டாயிற்று. நேற்று உங்கப்பா என்னிடம் வந்து, அன்னிக்கு அடுப்படியிலேருந்து பதிமூணு உள்ளேன்னு சொன்னியே, அந்த இடம் உனக்கு வேணாம், அவளுக்குக் குடுக்கலாமா என்று கேட்டார். நான் சும்மா விடுவேனா, என் இடத்தைப் பிடுங்கி மகளுக்கா என்று கொஞ்சம் சண்டை போட்டுவிட்டுத்தான் கொடுத்தேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை ஆறேகாலுக்குக் கூப்பிடுவார், அங்கே என்ன நேரம் என்று நீயே கூட்டிக் கழித்துக்கொள், நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஏழு, உள்ளேன் என்பார். நீ பதிமூன்று, உள்ளேன் என்று மட்டும் சொல். எப்படிப்பா இருக்கீங்க என்று ஆரம்பிக்காதே, நாற்பது கேள்வியையும் எனக்கு எடுத்து வை. அவர் உடனே வைக்காமல் சும்மா இருந்தால் நீயும் சும்மா இரு, அவர் வைக்கிறவரை நீ வைக்காதே. அழுகை வந்தால் வைத்த பிறகு அழு. நான் அப்படித்தான் செய்கிறேன், இங்கே துணிக்கிடங்கில் அழுக்குப் படுக்கை விரிப்புகள் குவியலாக இருக்கும், அதில் முகத்தைப் புதைத்து அழுவேன், எப்படியும் துவைக்கப் போகிறதுதானே.

வேளைக்குச் சாப்பிடு, இருமலுக்கு வெந்நீர் குடி, உடம்பைப் பார்த்துக்கொள். நீ நினைத்ததெல்லாம் நடந்து, நல்ல பேரோடு, வாய் நிறையச் சிரிப்போடு நீடூழி இருக்க உன்னைப் பெற்ற நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம், இருவரும்தான், காலையில் நான் கிளம்பும்போது அப்பாவே எழுதச் சொன்னார். ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போனைப் பக்கத்திலேயே வைத்திரு. மூன்று தடவை கூப்பிட்டு நீ எடுக்காவிட்டால் பன்னிரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள், தூரத்தை யோசிக்க மாட்டார்கள். அரைத்தாடி இப்போதே உன் ஊருக்கு எத்தனை வண்டி மாற வேண்டும் என்று விசாரித்துவிட்டார். உங்கப்பா செருப்பை இப்போது கட்டிலுக்கு அடியில் தள்ளுவதில்லை, வாசலிலேயே வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
போனைத் துவைத்த உன் அம்மா