முதல் அறையின் அளவு

மார்ச் 3

வணக்கம்.

நலமாக இருப்பதாக மகள் சொன்னாள். பிரிந்த ஆறு வருஷத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. வேலை விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருஷம் முன்பு சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஒரு ஃபோராமினிஃபெரா ஓட்டை எடுத்து, புதுச் சிற்றினம் என்று அறிவித்து என் பெயரைச் சூட்டினீர்கள். அதே பாறையில் கிடைக்கும் சின்ன ஓட்டுக்கு முன்பே பெயர் உண்டு. உங்களுடையது நான்கு மடங்கு பெரியது, தட்டை. அதனால் வேறு என்றீர்கள். போன வாரம் இரண்டையும் நடுவே அறுத்துத் தேய்த்தேன். சுவர், துளைகள், சுருள் எல்லாம் ஒன்றே. சின்ன ஓட்டில் முதல் அறை பெரிது. பெரிய ஓட்டில் அது ஊசிமுனை அளவு. ஒரே சிற்றினத்தில் மாறி மாறி வரும் இரு தலைமுறைகள்தான் அவை. விதிப்படி மூத்த பெயர் நிற்கும், என் பெயர் போகும்.

கட்டுரைக்கு முன் உங்களிடம் சொல்வது முறை.

என்ன வேலை செய்கிறேன் என்று கீழ்வீட்டு டாக்டரம்மா கேட்டார். ஒரே செல் உள்ள கடல் உயிரின் ஓட்டில் அறைகளை எண்ணுகிறேன் என்றேன். "அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?" என்றார்.

இப்படிக்கு,
மகளின் அம்மா


மார்ச் 19

அன்புள்ள சந்தேகப் பிராணிக்கு,

இப்படிக் கூப்பிட இன்னும் உரிமை உண்டா, தெரியவில்லை. கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். இருக்கிற ஒரே நாற்காலியில் துவைத்த துணி.

இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறுகிறேன். அதுவரை தள்ளிப்போடேன். பாறைக்குள் நாலு கோடி வருஷம் கிடந்தது, இன்னும் இரண்டு வருஷம் கிடக்காதா?

உனக்குத் தெரியாத ஒன்று. அச்சுக்குப் போகுமுன் நானும் அறுத்தேன். முதல் அறையைப் பார்த்தேன். 'அவளுக்குக் குடுக்க எங்கிட்ட வேற என்ன இருக்கு' என்று சொல்லிக்கொண்டே ஸ்லைடை டப்பாவில் போட்டு மூடினேன்.

உன்
(எப்படி முடிப்பதென்று தெரியவில்லை)


ஏப்ரல் 2

வணக்கம்.

உங்கள் வெளியூர் வேலைகள், போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போவது, எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் நான். அந்த ஓடு என் மேசைக்கு இரண்டடி தள்ளி அலமாரியில்தான் இருந்தது. அதை மட்டும் இத்தனை வருஷம் அறுக்காமல் விட்டிருக்கிறேன்.

அந்தப் பெயரை நம்பி மூன்று பேர் ஆய்வேடு எழுதிவிட்டார்கள். தள்ளிப்போட முடியாது. உங்கள் ஸ்லைடை அனுப்புங்கள்.

மகளின் அம்மா


மே 11

வணக்கம்.

ஸ்லைடு உடையாமல் வந்தது. பஞ்சுக்கு அடியிலும் பார்த்தேன், கடிதம் இல்லை.

என் ஸ்லைடில் ஒரு தேய்ப்பு கூடி, முதல் அறையின் ஓரம் போய்விட்டது. உங்களுடையதில் முழுசாக இருக்கிறது. எப்போதும் என்னைவிட நன்றாக அறுப்பீர்கள். அதையே படமாக வைத்தேன். ஸ்லைடின் மூலையில் உங்கள் கையெழுத்தில் தேதி, அச்சுக்கு முந்தையது. அதைப் போட்டால் நீங்கள் தெரிந்தே மறைத்தது ஊருக்குத் தெரியும். போடாவிட்டால் நானும் மறைத்தவள். போட்டேன். நேற்று பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன்.

மகளிடம் சொன்னேன். "இனிமே அப்பா உனக்கு எழுத மாட்டார்மா" என்றாள். தெரியும் என்றேன்.

நீக்கப்படும் பெயர், அதைச் சூட்டியவர், வருஷம், மூன்றையும் ஒரே வரியில் தரவேண்டும் என்பது விதி. என் பெயர், பக்கத்தில் உங்கள் பெயர், நமக்குக் கல்யாணமான வருஷம். அதைத் தட்டச்சு செய்தபின் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போகவில்லை.

ஸ்லைடைத் திருப்பி அனுப்ப வேண்டுமா என்று மட்டும் எழுதுங்கள்.