வெள்ளைக் கப்பலில் அப்பா தூங்கினார்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் தண்ணீரின் மேல் சுகம், அங்கே நீ தரையின் மேல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் இருமல் நின்றதா, புது வீட்டில் வெந்நீர் ஒழுங்காக வருகிறதா என்று எழுது. இப்போது பகல் பதினொரு மணி. கப்பல் நடுக்கடலில் போகிறது. அப்பா கட்டிலில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறார். இது என்ன பெரிய செய்தி என்று கேட்பாய். பெரிய செய்திதான், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்பாய். கடிதமாக இருந்தால் முழுவதும் படித்துத்தானே ஆக வேண்டும்.

போன தடவை நீ பேசும்போது, எந்தக் கப்பல் கம்பெனியாக இருந்தால் என்னம்மா, எல்லாம் ஒண்ணுதானே, பேசாம ஏறிப் போங்களேன் என்று சொன்னாய். உனக்கு முழுக் கதை தெரியாது. அப்பா வேலையை விட்ட வருஷம் முதல் தடவையாக நீலக் கப்பலில் போனோம், அப்பா, நான், அத்தை மூவரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே கம்பெனி, அதே கப்பல், அதே ஏழு நாள், அதே நான்கு ஊர். மணிக்கூண்டு இருக்கிற ஊர், படிக்கட்டு ஊர், மீன் சந்தை ஊர், பொம்மைக் கடை ஊர். நான்கிலும் கண்ணைக் கட்டிவிட்டால்கூட நடந்து போய்த் திரும்பி வருவேன். ஆறு வருஷத்துப் படங்களையும் கலைத்துப் போட்டால் எது எந்த வருஷம் என்று அத்தையின் தலைச் சாயத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். ஊர்கூடப் பரவாயில்லை, அந்த அறைதான் என்னைக் கொன்றது. ஐந்தாவது மாடியில் நடுவில் மாட்டிக்கொண்ட அறை, மூன்று கட்டில், ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே, ரத்தப் பரிசோதனை அறையில் இருபத்தாறு வருஷம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து கிடந்தவள் நான். வெளியே மழையா வெயிலா என்று ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டவள். ஓய்வு பெற்று கடலைப் பார்க்கப் போய் மறுபடியும் ஒரு பெட்டிக்குள் படுத்துக்கொண்டு, இந்தப் பக்கம் அத்தையின் குறட்டை, அந்தப் பக்கம் அப்பாவின் பெருமூச்சு. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பா ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். தனியாக இருக்கிற அத்தைக்கு வருஷத்தில் இது ஒன்றுதானே என்றும் நினைத்தேன். ஒவ்வொரு வருஷமும் ரொம்ப நல்லா இருந்துச்சு என்று சொல்லிச் சொல்லி, நானே பின்னிய வலையில் நானே உட்கார்ந்திருந்தேன்.

போன வருஷம் கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள், பல் டாக்டரிடம் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு டிக்கெட் எடுத்துத் தருகிற அலுவலகத்துக்குப் போனேன். அங்கே தடிக் கண்ணாடி போட்ட ஒரு பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள், பொறுமையாகக் கேட்டாள். எனக்குப் புது ஊர் பார்க்க வேண்டும், ஒரு ஜன்னல் வேண்டும், அவ்வளவுதான் என்றேன். நீலக் கம்பெனியிலேயே வேறு வழியில் போகிற கப்பல் ஒன்று உண்டு, இத்தனை வருஷம் போன சலுகை அட்டை அதிலும் செல்லும் என்றாள். ஆனால் பேரைத்தான் மாற்றியிருந்தார்களே தவிர அதுவும் மூவாயிரம் பேர் போகிற அதே ஜாதிக் கப்பல், நான்கில் இரண்டு ஊர் நான் பார்த்து அலுத்தவை. பிறகு ஒரு விளம்பரப் புத்தகத்தைப் பிரித்து வெள்ளைக் கப்பலைக் காட்டினாள். அறுநூறு பேர்தான், ஆட்டம் பாட்டம் கிடையாது, சலுகை அட்டையும் செல்லாது, ஆனால் வடக்கே ஆற்றுமுகத்து ஊர்களுக்கெல்லாம் போகும், கரையில் கட்ட முடியாத இடத்தில் படகில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார்கள், எல்லா அறைக்கும் ஜன்னல் உண்டு. பழகின கம்பெனியை விட்டுவிட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, "கம்பெனியப் பாத்து ஏறுறவங்களும் இருக்காங்க, வழியப் பாத்து ஏறுறவங்களும் இருக்காங்க. நீங்க எந்த ஆளுன்னு நீங்கதாம்மா சொல்லணும்" என்றாள். அந்தப் புத்தகத்தை மடித்துக் கைப்பையின் அடியில் வைத்தேன். வீட்டில் சொல்லத் தைரியம் வரவில்லை. புத்தகம் பையில் இருக்க, நானும் ஆறாவது தடவையாக நீலக் கப்பலில் ஏறிவிட்டேன், ஆடு தானே நடந்து போய்ப் பட்டிக்குள் நின்ற மாதிரி.

அந்தக் கப்பலில் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். இறங்குவதற்குள் அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் கட்டணத்தில் தள்ளுபடி. ஒன்பதாவது மாடியில் அதற்கென்று ஒரு மேஜை, மாலை ஐந்து மணி வரைதான். ஐந்தாம் நாள் நாலரை மணிக்கு மூன்று பேரும் லிஃப்டில் ஏறினோம். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் அது ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். அப்பா முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக், அப்படிப்பட்டவரே லிஃப்டில் மாட்டிக்கொண்டார் என்று எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போய், தரையில் உட்கார்ந்துவிட்டார். மணியை அழுத்தினேன், ஆள் வருகிறார், பதற வேண்டாம் என்று ஒரு குரல் சொன்னது. அத்தைக்கு வேர்த்து ஊற்றியது. விசிறுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று பைக்குள் கையை விட்டு, வந்ததை எடுத்து அவசரத்தில் அத்தை கையில் கொடுத்தேன். நாலு வீசு வீசிவிட்டு அத்தை அதைப் பார்த்தார். வெள்ளைக் கப்பல் படம். "இது எந்தக் கப்பல்? நம்ம கப்பல் இல்லையே" என்றார். ஓடவும் இடமில்லை, கதவு மூடியிருக்கிறது.

சொல்லிவிட்டேன். அண்ணி, எனக்கு இந்தக் கப்பல் பிடிக்கலை, முதல் வருஷத்துக்கு அப்புறம் பிடிக்கவே இல்லை, உங்களுக்காகத்தான் வந்தேன் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அத்தை கோபிப்பார் என்று நினைத்தால், அவர் புத்தகத்தால் தன் நெற்றியில் ஒரு அடி அடித்துக்கொண்டார். "அடிப்பாவி, நான் உனக்காகல்ல வந்தேன்! எனக்குக் கடல்னாலே ஆகாது. ஏழு நாளும் கால் பூசணிக்கா மாதிரி வீங்குது. நான் வரலைன்னா நீங்களும் போக மாட்டீங்க, பாவம், ஆசையா கிளம்புறீங்களேன்னு வாய மூடிக்கிட்டு வந்தேன்" என்றார். நான் அவரைப் பார்க்க அவர் என்னைப் பார்க்க, இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வருஷம், மகளே! இரண்டு பேரும் ஒருத்திக்காக ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு, நாள் முழுவதும் நல்லா இருக்குல்ல, நல்லா இருக்குல்ல என்று கேட்டுக்கொண்டு. பிறகு இருவரும் ஒரே சமயத்தில் தரையில் உட்கார்ந்திருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தோம். அப்படியானால் இதற்கு ஆசைப்பட்டது யார்?

அப்பா தலையைத் தூக்கவில்லை. "இங்க வந்தாத்தான் எனக்குத் தூக்கம் வருது" என்றார். நெட்டை மாமாவை உனக்கு நினைவிருக்கும், உன்னைத் தோளில் தூக்கிக் கூரையைத் தொட வைப்பாரே, அப்பாவோடு இருபது வருஷம் ஜோடியாக வேலை பார்த்தவர். அவர் லிஃப்ட் குழியில் விழுந்து இறந்துபோன பிறகு அப்பா சரியாகத் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கும் கப்பலுக்கும் முடிச்சு உண்டு என்று தெரியாது. முதல் பயணத்தில் மூன்றாம் நாள் அந்த இருட்டு அறையில் தொடர்ச்சியாக ஐந்து மணி நேரம் தூங்கினாராம். கப்பலை மாற்றினால், அறையை மாற்றினால் அது போய்விடுமோ என்று பயமாம். நான் எந்த இருட்டில் மூச்சுத் திணறிக் கிடந்தேனோ அதே இருட்டில்தான் அவர் மூச்சு விட்டிருக்கிறார். இதைக் கேட்ட பிறகு நான் என்ன சொல்வது? வேண்டாம் என்றாலும் பாவம், வேண்டும் என்றாலும் எனக்குத் தண்டனை. லிஃப்ட் கதவு திறந்தாலும் நான் வெளியே வர முடியாது போலிருந்தது. அப்போது தலைக்கு மேலே கருவிச் சத்தம் கேட்டது. அப்பா சட்டென்று எழுந்து நின்று மேலே பார்த்துக் கத்தினார், "தம்பி! மெயின் சுவிட்ச அணைச்சிட்டியா? இடுப்புல பெல்ட் மாட்டியிருக்கியா?" மேலேயிருந்து, "நான் தம்பி இல்ல சார், பொண்ணு. மாட்டியிருக்கேன்" என்று பதில் வந்தது. அப்பா விடவில்லை, கொக்கியை இழுத்துப் பார்த்தியாம்மா என்று மூன்று தடவை கேட்டார். உள்ளே இருக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது, வெளியே நிற்கிறவர்களுக்குத்தான் ஆபத்து என்று எங்களிடம் சொன்னார்.

வெளியே வந்தபோது மணி ஐந்தே கால். மேஜையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் வந்து கெஞ்சினால் போட்டுக் கொடுப்பார்கள் என்று நானே சொன்னேன், மனமில்லாமல்தான். அப்பா பூட்டிய மேஜையைப் பார்த்துக்கொண்டே, "வேணாம். ஆறு தடவ என் வழி. ஒரு தடவ உன் வழி" என்றார். அத்தை தன்னை விட்டுவிடச் சொன்னார். இப்போது நம் வீட்டில் கால் நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவு சந்தோஷமாக அவர் எங்களை வழியனுப்பி நான் பார்த்ததே இல்லை.

வெள்ளைக் கப்பலில் ஏறி இது நான்காவது நாள். எனக்கு ஜன்னல் கிடைத்தது, வட்டமாக, ஒரு தாம்பாளம் அளவு. முதல் நாள் முழுவதும் அதன் பக்கத்திலேயே நின்றேன். ஆனால் அப்பா தூங்கவில்லை. மூன்று இரவும் நாற்காலியில் உட்கார்ந்தே விடிய வைத்தார். கண் சிவந்து போய், டம்ளரைக்கூட இரண்டு கையால் பிடிக்கிறார். புது ஊரில் படகில் இறங்கினோம், நாணல் காடும் மரப் பாலங்களுமாக எவ்வளவு அழகு, நான் எதைப் பார்த்தேன் என்று நினைக்கிறாய், அவர் கால் தடுக்குமோ என்று அவர் காலைத்தான் பார்த்தேன். நான் கேட்டு வாங்கிய வெளிச்சம் அவரைத் தின்கிறதே என்று குற்ற உணர்ச்சி. நேற்று, அடுத்த ஊரில் இறங்கி ரயிலில் வீட்டுக்குப் போய்விடலாங்க என்றேன். முடியாது என்று தலையை ஆட்டினார், அவ்வளவுதான். இறங்கவும் முடியாது, இருக்கவும் முடியாது.

இன்று காலை எதுவும் சொல்லாமல் எழுந்து போனார். அரை மணி, ஒரு மணி, காணவில்லை. தேடிக்கொண்டு போனால், கீழ்த் தளத்தில் இந்தக் கப்பலின் லிஃப்ட் மெக்கானிக்கோடு நிற்கிறார். நரைத்த தாடி வைத்த பெரியவர், அப்பா வயதுதான் இருக்கும். அவர் இடுப்பு பெல்ட்டை அப்பா கையில் வைத்துக்கொண்டு, கொக்கியைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரை அழைத்து வந்தேன். அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் சொன்னார். நெட்டை மாமா விழுந்த அன்றைக்கு அவருடைய பெல்ட் அப்பாவின் பையில் இருந்ததாம். எடுத்து மாட்டிக்கோடா என்று அப்பா சொன்னாராம். ரெண்டு நிமிஷ வேலைக்கு எதுக்குடா என்று மாமா சொன்னாராம். "நான் மறுபடி சொல்லல. ஒரே ஒரு தடவதான் சொன்னேன். மறுபடி சொல்லியிருந்தா மாட்டியிருப்பான்" என்றார். விசாரணைக்கு வந்தவர்களிடம் முதல் தடவை சொன்னதை மட்டும் சொன்னாராம், மறுபடி சொல்லாததை யாரும் கேட்கவில்லையாம். ஏழு வருஷமாக அதை என்னிடமும் சொல்லவில்லை. மாமாவின் மனைவி வரும்போதெல்லாம் அப்பா ஏன் கடைக்குக் கிளம்பிவிடுவார் என்று இப்போதுதான் புரிந்தது. நான் சமாதானம் எதுவும் சொல்லவில்லை, சொன்னால் பொய்யாக இருக்கும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊருக்குப் போனதும் அவங்களப் பாத்து சொல்லணும், நீயும் கூட வா என்றார். வருகிறேன் என்றேன். சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டார். வெயில் முகத்தில் விழுகிறது என்று ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, குளியலறை விளக்கைப் போட்டு, அந்தக் கதவு இடுக்கு வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். இதை உனக்கு எழுதட்டுமா என்று அவர் தூங்குவதற்கு முன்பே கேட்டேன், எழுது, அவளும் பெரியவளாயிட்டா என்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இன்று ஒரு தூக்கம், நாளை எப்படியோ. அடுத்த வருஷம் எந்தக் கப்பல் என்று இன்னும் நாங்கள் பேசவில்லை.

இதையெல்லாம் யோசித்தபோது உன் நினைவும் வந்தது. நீ ஒவ்வொரு வருஷமும் தவறாமல் அதே மாதம் பதினான்கு நாள் எங்களிடம் வருகிறாய், உன் பழைய அறையில் கால் இடிக்கிற கட்டிலில் படுக்கிறாய், ரொம்ப நல்லா இருந்துச்சும்மா என்று சொல்லிவிட்டுப் போகிறாய். நாங்களும் அந்தப் பதினான்கு நாளுக்காக வீட்டைத் தலைகீழாக்கி, நீ போன பிறகு முதுகுவலியோடு படுக்கிறோம். அது உன் ஆசையா, எங்களுக்காகவா? எங்களுக்காக என்றால் ஒரு வருஷம் உனக்குப் பிடித்த இடத்துக்குப் போய் வா. எங்கள் மனசு கோணாது. இல்லை, கோணும், கொஞ்சம் கோணும், பரவாயில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டு வராமல் இரு. ஆசையில்லாமல் வராதே, கண்ணு.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அப்பாவோடு பேசும்போது மாமா விஷயத்தை நீயாக எடுக்காதே, அவராகச் சொல்லட்டும். இருமலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்லி நான் ஏற்கெனவே சொன்னேன். மறுபடியும் சொல்கிறேன், நாளைக்கே போய்ப் பார்.

நீ நோய்நொடி இல்லாமல், நெஞ்சில் பாரமில்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
(அப்பாவின் ஆசிகளும் உண்டு, எழுந்ததும் கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன்)