டிரம்காராப் பாலத்தின் வடபாதியைக் கட்டித்தரக் கோருதல்

அனுப்புநர்:
மெர்வின் குரோசியர், ஆட்டுப்பண்ணை விவசாயி,
டிரம்காரா வடகரை, ஃபெர்மனா மாவட்டம், வட அயர்லாந்து.
உடன் கையொப்பமிடுபவர்: திருமதி அட்ராக்டா மெக்கவர்ன்,
டிரம்காரா தென்கரை, கேவன் மாவட்டம், அயர்லாந்துக் குடியரசு.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
எல்லைப்புறச் சாலைகள் மற்றும் பாலங்கள் அலுவலகம்,
பெல்ஃபாஸ்ட்.

பொருள்: பாதியில் நிற்கும் பாலம் – "இருகரையாரிடையே தகராறு" என்று கோப்பை ஒத்திவைத்தது தவறு – ஆணையை விலக்கி, பணியைத் தொடங்க ஒப்புதல் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கும் திருமதி மெக்கவர்னுக்கும் கடந்த ஜூலையில் தனித்தனியே வந்த, ஒரே வாசகம் கொண்ட இரண்டு கடிதங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர் ஒன்று, நாடு இரண்டு. நடுவில் ஆறு. கடையும் சமூகக் கூடமும் வடகரையில் இருக்கின்றன. நான் ஞாயிறுதோறும் போகும் தேவாலயம் தென்கரையில் இருக்கிறது. என் மனைவி வேலரியை அடக்கம் செய்திருப்பதும் அங்கேதான். கலவரக் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவம் தகர்த்த பாலத்தை, அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் திரும்பக் கட்டினார்கள். 2022 ஜனவரி வெள்ளத்தில் அதுவும் போயிற்று.

2. தெற்கே உள்ள மாவட்ட நிர்வாகம் தன் பாதியை அந்த ஆண்டே கட்டி முடித்தது. ஆற்றின் நடுத்தூண்வரை வந்து, கைப்பிடிக் கம்பியும் போட்டு, குறுக்கே ஒரு தகரத்தை வைத்து அடைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் பாதிக்கான கோப்பு அமைச்சரின் மேசைக்குப் போகும் நேரத்தில் இங்கே அமைச்சரவையே இல்லாமல் போய்விட்டது. எங்கள் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின், தெற்கோடுள்ள தரை எல்லையில் சோதனை வராமலிருக்க, பிரிட்டனிலிருந்து கப்பலில் வரும் சரக்குகளை எங்கள் துறைமுகங்களில் சோதிக்கும் ஏற்பாடு வந்தது. சொந்த நாட்டுக்குள்ளேயே எங்களுக்குக் கடலில் எல்லை போடுகிறார்கள் என்று எங்கள் பக்கத்துக் கட்சி ஆட்சியில் அமர மறுத்தது. இன்றுவரை அமரவில்லை. இரு தரப்பும் சேர்ந்தால்தான் இங்கே அமைச்சரவை அமையும் என்பது விதி. இவை தாங்கள் அறியாதவை அல்ல. கையெழுத்திட ஆள் இல்லாமல் ஒரு பாலம் நிற்கிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

3. நாடு வெளியேற வேண்டும் என்று வாக்களித்தவன் நான். அதற்காக வருந்தவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து வந்துகொண்டிருந்த விதை உருளைக்கிழங்கு எனக்கு வராமல் நின்றபோது என் கட்சி கோபப்பட்டது நியாயம் என்றே இப்போதும் நினைக்கிறேன். திருமதி மெக்கவர்ன் இதில் ஒரு சொல்லைக்கூட ஏற்கமாட்டார். அவர் ஏற்கவில்லை என்பதையும் இம்மனுவில் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டார், பதிவு செய்கிறேன்.

4. தங்கள் கடிதத்தில் குறிப்பிட்ட "தகராறு" நடந்த விதம் வருமாறு. கடந்த ஏப்ரலில் சமூகக் கூடத்தில் இருகரையாரும் கூடி, பொதுவாக ஒரு மனு எழுத உட்கார்ந்தோம். முதல் பத்தி சுமுகமாக முடிந்தது. "அமைச்சர் இல்லாத காரணத்தால்" என்ற இடத்தில் காரணத்துக்குக் காரணம் எழுத வேண்டும் என்று ஒருவர் சொல்ல, வினை வந்தது. "கடல்ல எல்லை போட்டதாலன்னு எழுதுங்க" என்றேன் நான். திருமதி மெக்கவர்ன் எழுந்துவிட்டார்.

"ஏன், வெளிய போனதாலன்னு எழுதேன்! எங்ககிட்ட யாராவது ஒரு வார்த்த கேட்டீங்களா? நீங்க கதவச் சாத்திட்டுப் போவீங்க, விரல் நசுங்குறது எங்களுக்கா?"

"உங்க விரல் நசுங்கக் கூடாதுன்னுதான எங்க கப்பல நிறுத்துனாங்க" என்று நானும் சொன்னேன்.

அவருடைய கணவர் காஹல் மெக்கவர்ன் கடைசி வரிசையில் தேநீர்க் கோப்பையுடன் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். "மொதல்ல பாலத்தக் கட்டுங்கப்பா. அப்புறம் அதுக்கு நடுவுல நின்னு வசதியாச் சண்ட போடலாம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு மனுக்கள் போயின.

5. மே மாதம் வட அயர்லாந்தில் உள்ளாட்சித் தேர்தல். எங்கள் கரை விளக்குக் கம்பங்களில் "கடல் எல்லை ஒழிக" என்ற பலகைகள் ஏறின. தேர்தல் இல்லாத எதிர்க்கரையிலும் "அயர்லாந்து ஒன்றாக வாக்கெடுப்பு நடத்து" என்று ஏறின. இரு தரப்பு வேட்பாளர்களும் வெவ்வேறு நாளில் வந்து, பாலம் இருந்த இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பலகைகள் இன்றும் மழையில் நனைந்துகொண்டு அங்கேயே இருக்கின்றன.

6. ஜூலையில் தங்கள் கடிதம் வந்தது. "இருகரை மக்களும் முரண்பட்ட காரணங்களைக் கூறியுள்ளதால், உள்ளூரில் ஒருமித்த கருத்து ஏற்படும்வரை பொருள் ஒத்திவைக்கப்படுகிறது." ஐயா, இரண்டு மனுக்களையும் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கும்படிப் பணிவோடு கேட்கிறேன். யாரால் கெட்டது என்பதில்தான் நாங்கள் முரண்பட்டோம். பாலம் வேண்டும் என்பதில் இரண்டு மனுக்களுக்கும் ஒரு புள்ளிகூட வேறுபாடு இல்லை.

7. அக்டோபர் மாதம் மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு ஒரு பிற்பகலில், திருமதி மெக்கவர்ன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "காஹல் விழுந்துட்டாரு. கொட்டகைல. மூச்சு இல்ல மெர்வின், அந்தப் பெட்டி, கூடத்துல இருக்குற பெட்டி!" என்றார். நின்ற இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவி அது. இருகரையாரும் சேர்ந்து வாங்கி, சமூகக் கூடத்துச் சுவரில் மாட்டியது. ஆம்புலன்சுக்கும் சொல்லியிருந்தார். அது தொலைவிலிருந்து வர வேண்டும். பாலம் இருந்த நாளில் கூடத்திலிருந்து அவர் வீட்டுக்கு நடையில் போய்விடலாம்.

8. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். மடத்தனம் என்று தெரியும். காரில் சுற்றிப் போக வேண்டியவன், வீடு கண்ணுக்கு எதிரே தெரிந்ததால் ஆற்றில் இறங்கிவிட்டேன். பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்திருந்தேன். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது கால் தரையில் நிற்கவில்லை. கொட்டகை வாசலுக்கு ஓடி வந்த திருமதி மெக்கவர்ன் என்னைப் பார்த்துவிட்டார். அவர் அங்கிருந்து கத்தியது:

"வராத! மெர்வின், வராத! அடிச்சிட்டுப் போயிடும்! திரும்பிப் போ!"

உள்ளே கணவர் கிடக்கிறார். மனைவி என்னைத் திரும்பிப் போகச் சொன்னார். இதை எந்த வகையில் தங்கள் கோப்பில் சேர்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. சேர்க்க வேண்டும் என்று மட்டும் தெரியும்.

9. வடகரைக்கே திரும்பி ஏறி, நெடுஞ்சாலைப் பாலம் வழியாகச் சுற்றிப் பதினெட்டு மைல் காரில் போனேன். நான் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் வந்திருந்தது. காஹல் போய்விட்டிருந்தார். பாலம் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். முயன்று பார்த்திருக்கலாம் என்று மட்டுமே சொல்கிறேன்.

10. உடல் வீட்டில் வைக்கப்பட்டிருந்த அன்று நானும் போயிருந்தேன். வீட்டுக்குள் கூட்டம் நெரிந்தது. தேநீரும் சாண்ட்விச்சும் கை மாறிக்கொண்டிருந்தன. காஹலின் அண்ணன் மகன் எனக்கு நேரே வந்து, "இப்பத் திருப்தியா உங்க ஆளுங்களுக்கு?" என்றான். திருமதி மெக்கவர்ன் சவப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார்.

"அவன் நெஞ்சளவு தண்ணில நின்னான்டா. நீ எங்க நின்ன? போ, போய் எல்லாருக்கும் நாற்காலி எடுத்துப் போடு" என்றார்.

அவன் போனான். சற்று நேரம் கழித்து எனக்கும் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

11. அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, திருமதி மெக்கவர்ன் அந்தச் சுற்றுவழியில் கார் ஓட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "இந்தத் தடவ ஒரே மனு. யாரால கெட்டதுங்குற அந்த வரிய நானும் எழுதல, நீயும் எழுதாத" என்றார். பிறகு என் அடுப்படியில் உட்கார்ந்து, மூன்றாம் பத்தியைப் படித்துவிட்டு, மறுபடியும் ஒரு மணி நேரம் என்னோடு சண்டை போட்டார். அந்தப் பத்தி அப்படியே இருக்கட்டும் என்று கடைசியில் ஒப்புக்கொண்டதும் அவரே.

12. ஆகவே கோருவது:

அ) ஜூலை மாத ஒத்திவைப்பை விலக்கிக்கொள்ள வேண்டும். கீழே உள்ள இரண்டு கையொப்பங்களே ஒருமித்த கருத்து.

ஆ) அமைச்சர் இல்லாத காலத்தில், பொதுநலன் கருதி மூத்த அதிகாரிகள் முடிவெடுக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. அந்தச் சட்டத்தின்படி வடபாதிக்குத் தாங்களே ஒப்புதல் தர வேண்டும். ஆட்சி அமையும்வரை பொறுங்கள் என்று சொல்லாதிருக்க வேண்டுகிறோம். அது எப்போது அமையும் என்று எங்களைவிடத் தங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இ) வடபாதி கட்டி முடியும்வரை ஆள் நடந்து போகுமளவுக்கு ஒரு தற்காலிக இரும்புப் பாலம் போட்டுத்தர வேண்டும். ராணுவப் பொறியாளர்களிடம் அத்தகைய பாலங்கள் தயாராக இருக்கின்றன என்று நான் சொன்னேன். "பட்டாளத்துக்காரன் பாலமா? போட்டுட்டு, திரும்பத் தகர்க்க எப்ப வருவான்னு கேட்டுச் சொல்லு" என்றார் திருமதி மெக்கவர்ன். எனவே வேறு யார் போட்டாலும் சம்மதம்.

13. தாங்கள் நேரில் பார்வையிட விரும்பினால் எந்த நாளும் வரலாம். வடகரையில் நான் காத்திருப்பேன். திருமதி மெக்கவர்ன் தன் பக்கத்துத் தகரத்தருகே வந்து நிற்பார். அவரிடம் ஏதேனும் கேட்க வேண்டுமானால் தாங்கள் ஆற்றுக்கு மேலாகக் கத்தித்தான் கேட்க வேண்டும். அவரும் கத்தித்தான் பதில் சொல்வார். மழைக்காலமாக இருந்தால் பாதி காதில் விழாது.

தங்கள் கையொப்பத்தை எதிர்நோக்கி,

(ஒப்பம்) மெர்வின் குரோசியர்
(ஒப்பம்) அட்ராக்டா மெக்கவர்ன், காஹல் மெக்கவர்னின் மனைவி

இடம்: டிரம்காரா, இருகரை
நாள்: 20 நவம்பர் 2023