கருங்கோடு ஓடிய மாங்கட்டை

அன்புள்ள அத்தானுக்கு,

சோறு வடித்தாயிற்று, மீன் குழம்பு உறியில் இருக்கிறது.

பூசணம் பிடித்தால்தான் மாங்கட்டையில் கருங்கோடு ஓடும், கடைசல் பேனாவுக்கு அதுதான் அழகு என்றீர்கள். இரண்டு சாரல் காலம் அதை ஈரச்சாக்கு போட்டு மூடிக் காத்தவள் நான். அதில் கடையும் முதல் பேனா எனக்கு என்றும் சொன்னீர்கள். ஏழு பேனா கடைந்து வக்கீல், போஸ்டுமாஸ்டர் என்று எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. நேற்று கேட்டால், "ஒனக்கு எதுக்குட்டி பேனா, கோர்ட்டுக்கா போகப்போற?" என்கிறீர்கள். தெருவில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவள், இதையும் பென்சிலில்தான் எழுதுகிறேன்.

இலஞ்சிக்கு, அக்காள் வீட்டுக்குப் போகிறேன்.

ஞானபாக்கியம்

பி.கு. குழம்பில் உப்புக் கூடிவிட்டது. கோபத்தில் இரண்டு தரம் போட்டிருப்பேன்.

இன்னொன்று. ஹெட்மாஸ்டர் பேனா கேட்டு வந்தால் கட்டையைத் தேடாதீர்கள். மிச்சத் துண்டு என் பெட்டியில் இருக்கிறது. நீங்கள் வந்து கூப்பிட்டால் தருவேன், எனக்குக் கடைவதற்கு.