படகு பார்க்க வந்தவர்

உங்கள் அக்கா வீட்டில் கால்நீட்டிப் படுத்திருப்பவருக்கு,

அங்கே தரை ஆடாமல் இருக்கிறதா?

குடியிருந்த வீட்டை விற்று, யாரோ ஓட்டித் தேய்த்த கேட்டமரான் படகை வாங்கியது நீங்கள். “ரெண்டு படகைச் சேர்த்துக் கட்டின மாதிரி, ஆடவே ஆடாது” என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்ததும் நீங்கள். இதில் குடிவந்த அன்றே சண்டை. இடதுபக்க அறையில் நான், வலதுபக்க அறையில் நீங்கள். நான்காம் நாள் வாந்தியெடுத்துக் கரையேறி ஓடியதும் நீங்களேதான். வேண்டவே வேண்டாம் என்று கத்திய நான் இங்கே கழிவறைப் பம்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

படகை விலைக்குக் கேட்க நீங்கள் அனுப்பிய ஆள் நேற்று வந்தார். பாய்மரத்தில் பாயை ஏற்றிக் காட்டச் சொன்னார். நானே ஏற்றினேன். “பளிச்னு வெச்சிருக்கீங்களேம்மா!” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அடியில பெரிய விரிசல் இருக்கு, வாங்கிட்டு அழாதீங்க” என்றேன். வந்த வழியே போய்விட்டார்.

விரிசல் கிரிசல் ஒன்றும் கிடையாது.

இனி எவரையும் அனுப்பித் தொலைக்காதீர்கள். நீங்களே வாருங்கள். வரும்போது பம்புக்கு ரப்பர் வளையமும் உங்களுக்கு வாந்தி மாத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தலையணையை இடதுபக்க அறைக்கு மாற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
தண்ணீரைப் பார்த்தாலே பயந்து சாவாள் என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்னவள்