உன் அப்பா எங்கே ரெக்கார்டு கேட்கிறார்

சாம்பியன் ரீப்ஸ்
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எழுதுவது

என் அன்பு மகன் வினய்க்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மருமகள் பல்லவியும் அந்தக் குளிர் தேசத்தில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நீ அனுப்பிய ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது, அப்பாவுக்குக் கை மட்டும் நீளம், மடித்துத் தைத்துவிட்டேன். தினம் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, அம்மா எதற்குப் பேனா எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அப்பா என் பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அதை நீ கவனித்தாயோ என்னவோ, நான் கவனித்தேன். நான் உன்னிடம் ஏதாவது கோள் சொல்லிவிடுவேன் என்று காவல் இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். விஷயம் வேறு. அவரே நேற்று, நீயே அவனுக்கு எழுதிடு பிலோ, எனுக்கு அவன் மூஞ்ச பாத்து சொல்ல வராது என்றார். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஹரோல்ட் அங்கிளை உனக்கு நினைவிருக்கும், நம் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் இருந்தாரே, இப்போது ஆஸ்திரேலியாவில் மகளோடு இருக்கிறார். அவர் போனில் ஒரு குரூப் ஆரம்பித்து அப்பாவையும் சேர்த்தார். எல்லாம் ஜாஸ் பைத்தியங்கள். ஒவ்வொருவரும் அன்றைக்கு எந்த ரெக்கார்டு கேட்கிறார்களோ அதன் அட்டையைப் படம் பிடித்துப் போட வேண்டும், எந்த இடம் பிடித்தது என்று இரண்டு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நான் சிரித்தேன். ஆனால் உன் அப்பா அதில் ராஜா மாதிரி இருந்தார். தங்கச் சுரங்கத்தை மூடி மைன்ஸ் ஆபீசர்கள் கிளப்பைக் காலி செய்தபோது இவர் தலையில் சுமந்து கொண்டுவந்தாரே அந்த ரெக்கார்டுகள், அவற்றில் பாதி மற்றவர்களிடம் கிடையாதாம். சாயங்காலம் டீ குடித்ததும் ஒரு அட்டை போடுவார், தொப்பிக்காரர், இல்லையென்றால் கறுப்புக் கண்ணாடிக்காரர், எனக்கு அவர்கள் பெயரெல்லாம் நிற்காது. உடனே பதில்கள் வந்து குவியும். அதில் அதிகம் பதில் போடுகிறவள் இந்து என்று ஒரு பெண்பிள்ளை.

எனக்குச் சந்தேகம் முதலில் அவள் மேல் வரவில்லை, நம் வீட்டு ரெக்கார்டு பிளேயர் மேல்தான் வந்தது. தவக்காலத்தில் பாட்டு வேண்டாம் என்று அவரே நிறுத்தி வைத்தார், சரி பக்தி என்று விட்டேன். பாஸ்கா திருநாளும் வந்து போயிற்று, பிளேயர் மேல் போட்ட துணியை அவர் எடுக்கவே இல்லை. ஆனால் குரூப்பில் மட்டும் தினம் ஒரு அட்டை, தினம் இரண்டு வரி. போன் சார்ஜில் இருந்தபோது நானே பார்த்தேன், இன்று இந்த ரெக்கார்டின் இரண்டாவது பக்கம் கேட்டேன், பியானோ நின்று மூச்சு வாங்குகிற இடத்தில் நானும் மூச்சை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறார். அதற்கு இந்து, நீங்கள் சொன்ன பிறகு நானும் போட்டுக் கேட்டேன், கண் கலங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறாள். நான் நாள் பூராவும் வீட்டில்தானே இருக்கிறேன் கண்ணு, ஒரு பீப்பீ சத்தம்கூட என் காதில் விழவில்லையே, இவர் எங்கே கேட்டார், யாரோடு உட்கார்ந்து கேட்டார்?

அப்புறம் பார்த்தால் சாயங்காலம் வெளியே போக ஆரம்பித்தார். ரெக்கார்டைத் துணிப்பையில் போட்டு, பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மாரிகுப்பம் பக்கமாக நடை. எங்கே என்று கேட்டால் ஆமா ஆமா என்பார். ராத்திரிக்கு சப்பாத்தியா சோறா என்று கேட்டால், அப்பால பாக்கலாம் என்பார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விடுவார். எனக்கு எவ்வளவு வலித்தது என்று உனக்கு எழுத முடியாது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, கடைசியில் என் பேச்சு அவருக்குப் புளித்துவிட்டது, மொபைலில் கண் கலங்குகிறவள் இனித்துவிட்டாள் என்றுதானே எந்தப் பெண்ணும் நினைப்பாள். கோயிலில் மாதா முன்னால் நின்றபோதுகூட அந்த இந்துவின் முகம் எப்படி இருக்கும் என்றுதான் யோசித்தேன், அது பாவம்தான்.

மாரிகுப்பத்தில் அவருக்கு இருக்கிற ஒரே சிநேகிதர் சாம்ராஜ் அண்ணன். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் அவரைப் பார்த்தபோது, தினம் உங்கள் வீட்டில் கச்சேரியாமே என்று சும்மா போட்டுப் பார்த்தேன். இன்னா தங்கச்சி சொல்றே, அவரு நம்ம வூட்டு பக்கம் வந்தே ரொம்ப நாளாவுது, வழியில பாத்து கூப்ட்டாலும் திரும்பாம போறாரு, நான் இன்னா தப்பு பண்ணேன்னு நீயாவது கேட்டு சொல்லு என்றார். வாங்கிய கத்தரிக்காயை அங்கேயே கடைப்பலகையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கே அவர் குளிக்கப் போன நேரம் அந்த இந்துவின் நம்பரை எடுத்து என் போனில் கூப்பிட்டேன். எடுத்ததும், நான் சூசைராஜோட சம்சாரம் பேசறேன் என்றேன். வாயடைத்துப் போவாள் என்று பார்த்தால், அய்யோ அம்மா, நானே உங்க கிட்ட பேசணும்னு இருந்தேன் என்கிறாள். ராபர்ட்சன்பேட்டையில் பிறந்தவளாம், மைசூரில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவளாம், என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவளாக இருப்பாள். அவள் சொன்னதுதான் வேடிக்கை. அவளுக்கும் உன் அப்பா மேல் சந்தேகம்! ஹரோல்ட் புதிதாக ஒரு ரெக்கார்டு வாங்கி, அதில் ஒரு பாட்டை எல்லோருக்கும் அனுப்பினாராம். எப்படி இருந்தது என்று இவள் கேட்டதற்கு உன் அப்பா, அந்த டிரம்ஸ் பிரமாதம் என்று எழுதினாராம். அந்தப் பாட்டில் டிரம்ஸே கிடையாதாம், வெறும் பியானோவும் அந்தப் பெரிய வீணை மாதிரி ஒன்றும்தானாம். குரூப்பில் எல்லோரும் சேர்ந்து பேசலாம் என்றால் நெட் இல்லை என்று நழுவிவிடுகிறாராம். பழைய ரெக்கார்டு பத்தி எழுதறப்ப தேன் மாதிரி எழுதறாரும்மா, புதுசுன்னா ஒண்ணுமே ஒட்ட மாட்டேங்குது, அவரு நெஜமாவே கேக்கறாரா, சும்மா எழுதறாரா என்று என்னையே கேட்டாள். நான் அவளைச் சந்தேகப்பட, அவள் அவரைச் சந்தேகப்பட, போனை வைக்கும்போது எனக்கு முன்னைவிடப் பயமாகிவிட்டது. இவளிடமும் போகவில்லை, சாம்ராஜிடமும் போகவில்லை என்றால் இந்த மனுஷன் வேறு எங்கேதான் போகிறார்?

மறுநாள் அவர் பையை இடுக்கியதும் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். சிரிக்காதே. அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போய், பிளாட்பாரத்தின் கடைசியில், தண்டவாளம் முடிகிற இடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். பையிலிருந்து ரெக்கார்டை எடுத்தார், அட்டையோடு மடியில் வைத்துக்கொண்டார், கண்ணை மூடிக்கொண்டார். பிளேயர் இல்லை, போன் பையில், காதில் ஒன்றும் இல்லை. விரல் மட்டும் அட்டை மேல் தட்டிக்கொண்டிருந்தது, தலை மெதுவாக ஆடியது, ஓரிடத்தில் புன்னகைகூடச் செய்தார். அவள் வரப்போகிறாள், எவளோ ஒருத்தி வரப்போகிறாள் என்று தூணுக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்புகிற ரயில்தான் வந்தது. அந்த டிரைவர் என்ன கோபத்தில் இருந்தானோ, ஸ்டேஷனுக்குள் நுழையும்போது ஹாரனை அமுக்கிப் பிடித்தான் பார், கூரையில் இருந்த புறாவெல்லாம் ஒன்றாக எழும்பியது, குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது, நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். உன் அப்பா அசையவில்லை. கண்கூடத் திறக்கவில்லை. விரல் அது பாட்டுக்கு அதே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது கண்ணு. போய்ப் பின்னால் நின்று, இன்னாங்க என்றேன். இன்னும் பலமாக, இன்னாங்க என்றேன். முன்னால் போய் நின்ற பிறகுதான் நிழல் விழுந்து கண்ணைத் திறந்தார். திட்டுவதற்கு நான் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து என் காதைத் தொட்டுக் காட்டினேன்.  எல்லாம் உள்ள ஓடிகினுதான் கீது பிலோ, வெளியேர்ந்துதான் ஒண்ணும் வர மாட்டேங்குது என்றார். சத்தம் போட்டுச் சொல்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை, போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று கேட்டேன், என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். உனக்கு அவர் வேலை தெரியும், சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவர், ஷாப்டின் கீழிருந்து வருகிற பெல்லைக் கேட்டுத்தான் ஆட்கள் நிற்கிற கேஜை ஏற்றுவார், இறக்குவார். என் காத நம்பி எத்தினி பேரு எறங்குனாங்க, அந்தக் காது போச்சுன்னு எப்படி சொல்றது என்றார். வீட்டில் பிளேயரைப் போட்டால் சத்தத்தை எவ்வளவு வைத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது, அதை வைத்தே நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயந்து, நினைவில் இருப்பதைக் கேட்க ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். சாம்ராஜ் அண்ணன் கூப்பிட்டதும் காதில் விழவில்லை, நான் சப்பாத்தியா சோறா என்றதும் விழவில்லை. என் பேச்சு புளிக்கவில்லை, அது போய்ச் சேரவே இல்லை.

காது டாக்டரிடம் காட்டினோம். மேல் சத்தமெல்லாம் ஏறக்குறையப் போய்விட்டது, அடிச் சத்தம் கொஞ்சம் மிச்சம், காதில் மிஷின் வைத்தால் பேச்சு ஓரளவுக்குப் புரியும் என்றார். அதை விற்கிறவன் எதற்கெடுத்தாலும் சிரித்தான், அவன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, அதனால் டாக்டர் எழுதிக் கொடுத்ததை உனக்குப் படம் எடுத்து அனுப்புகிறேன், யாரிடமாவது விசாரி. இப்போதைக்குப் பழகிப் பார்க்க ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு ரெக்கார்டு கேட்டால் தகர டப்பாவைச் சுரண்டுகிற மாதிரி இருக்கிறதாம், எடுத்துவிட்டார். ஆனால் அதைப் போட்டிருந்த நேரம் குக்கர் சத்தம் கேட்டுத் தானே எழுந்து போய் அடுப்பை அணைத்தார், அது போதும் எனக்கு. குரூப்பில் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று நச்சரித்தேன். ரெண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, இத்தனை நாள் நான் எழுதியது கேட்டதல்ல, நினைத்ததுதான் என்று எழுதிவிட்டார். ஹரோல்ட் உடனே, சூசை, நீ நெனச்சதே எங்க பிளேயர்ல வர்றதவிட நல்லா கீது, நாளைக்கு இன்னா நெனைக்கப் போற என்று பதில் போட்டார். இந்து எனக்குத் தனியாகப் போன் செய்து அழுதாள். நல்லவள்தான் போலிருக்கிறது, இருந்தாலும் பார்ப்போம்.

நேற்று பிளேயர் மேல் இருந்த துணியை நானே எடுத்தேன். அவர் உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், நான் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். எனக்கு அந்த சங்கீதத்தின் மேல் இன்னும் சந்தேகம்தான், ஆளுக்கொரு பாட்டை ஆரம்பித்துவிட்டு யார் முதலில் நிறுத்துவது என்று சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது. என்ன வருகிறது என்று நான் சொல்ல வேண்டும், அதுதான் ஏற்பாடு. பியானோ என்றேன், தலையாட்டினார். அது அடங்கியது. இப்போது ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், பொறு என்கிற மாதிரி ஒரு விரலைத் தூக்கினார். அவர் தூக்கிய விரல் இறங்குவதும் ஊதல் சத்தம் கிளம்புவதும் ஒன்றாக இருந்தது. என் ரோமமெல்லாம் எழுந்து நின்றது வினய். அவருக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது, ஆனால் அது வரும் என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

இனிமேல் வீடியோவில் பேசும்போது வெளிச்சம் உன் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார், மெதுவாகப் பேசு, கத்தாதே, கத்தினால் வாய் கோணி அவருக்குப் புரியாமல் போகிறது. இன்னொன்றும் கேட்கிறேன், மறைக்காமல் சொல். கொஞ்ச நாளாக நான் பல்லவியைக் கேட்கும்போதெல்லாம் குளிக்கிறாள், தூங்குகிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்கிறாய். நல்லா கீறோம்மா என்று நீ சொல்வதும் எனக்கு ஆமா ஆமா மாதிரியே இருக்கிறது. இங்கே ஒரு வீட்டுக்குள் இருந்தே எனக்கு இத்தனை நாள் ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு தூரத்தில் இருக்கிறதை எப்படிக் கண்டுபிடிப்பேன்? உங்களுக்குள் என்ன இருந்தாலும் நான் கோபப்பட மாட்டேன், வரும் ஞாயிறு அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசு.

நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், வேளாங்கண்ணி மாதா உங்கள் வீட்டு வாசலில் காவல் நிற்கட்டும். காதில் அந்தப் பஞ்சு மாதிரி மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பாட்டு கேட்காதே. அப்பா முத்தம் சொல்லச் சொன்னார்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
சூ. பிலோமினா